அந்தச் சிவப்போடு விருந்தினர் எவ்வளவு நேரம் இருப்பார்?

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து 32 அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலை நடத்துகிறோம். மூன்று மாடி. கட்டியபோது அடித்த கிரீம் கலர்தான் இன்றுவரை எல்லாச் சுவரிலும் இருக்கிறது. மரச்சாமான்கள் எல்லாம் அடர் பழுப்பு. ‘சுத்தமாக இருக்கிறது’ என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஹோட்டல் யார் மனதிலும் நிற்பதாகத் தெரியவில்லை. துணிந்து நிறம் சேர்க்கலாம் என்று ஓர் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் சிவப்பு அடித்துப் பார்த்தோம். பகலில் கம்பீரமாக இருந்தது. இரவில் விளக்கைப் போட்டால் காய்ந்த ரத்தம்போல் தெரிகிறது. ‘சிவப்பு கோபத்தைத் தூண்டும், நீலம்தான் தூக்கம் வரவழைக்கும், பேசாமல் கிரீமே அடித்துவிடலாம்’ என்கிறான் தம்பி. என் மகளோ மயில்நீலமும் கடுகு மஞ்சளுமாக ஹோட்டல் முழுக்க அடித்துவிடலாம் என்கிறாள். எடுப்பான நிறத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது? விருந்தினருக்குச் சலித்துவிடாதா? அடிக்கடி பெயின்ட் அடிக்க வேண்டி வருமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அந்தச் சிவப்புச் சுவர்தான். ஷேட் தேர்வு தப்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஷேட் மீது பழி போடுமுன் அந்த அறையில் என்ன பல்பு மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்.ஈ.டி பல்பின் பெட்டியில் ‘சி.ஆர்.ஐ 80’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. முழு மதிப்பெண் 100. ஆனால் அந்தச் சராசரியில் சேர்வது அடர்த்தி குறைந்த எட்டு நிறங்கள் மட்டும்தான். அடர் சிவப்பு ஒன்பதாவது. அதை ‘ஆர்9’ என்று தனியாகக் குறிப்பார்கள், சராசரியில் சேர்ப்பதில்லை. ஆகவே மொத்தத்தில் 80 வாங்கிய பல்பு, சிவப்பில் கிட்டத்தட்டப் பூஜ்யம் வாங்கியிருக்கக்கூடும். அந்த வெளிச்சத்தில் எந்தச் சிவப்பும் பழுப்பேறித்தான் தெரியும். கூடவே விருந்தினரின் முகமும் களையிழந்து தெரியும், ஏனென்றால் முகத்தின் தெளிவுக்கும் சிவப்பு வேண்டும். சி.ஆர்.ஐ 90க்குக் குறையாமல், ஆர்9 50க்கு மேல், 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்) என்று கேட்டு வாங்கி அந்த ஓர் அறைக்கு மட்டும் மாட்டிப் பாருங்கள். பெட்டியில் ஆர்9 போட்டிருக்காவிட்டால் விற்பவரிடம் அந்த விளக்கின் தகவல் தாளைக் கேளுங்கள். தாளே இல்லை என்றால் வேறு பல்பு பாருங்கள்.

நல்ல பல்பு மாட்டினாலும் சிவப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தைச் சற்று வெளுப்பாகவும் பார்க்கத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யான் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர், விடியற்காலை மங்கலில் சிவப்பு நிறங்கள் கறுத்துக் கிடப்பதைக் கவனித்து எழுதியதால் இந்த மாற்றத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஹோட்டல் அறையில் இரவு பத்து மணிக்கு என்ன இருக்கும்? கட்டிலோரம் ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். எட்டடி தள்ளி இருக்கும் சிவப்புச் சுவருக்கு அந்த வெளிச்சம் போதாது. நீலத்துக்கும் ஆபத்து இருக்கிறது: மஞ்சள் வெளிச்சத்தில் நீலக் கதிர் குறைவு, ஆகவே கடற்படை நீலம் போன்ற கருநீலங்கள் இரவில் கறுப்பாகவே தெரியும். உங்கள் மகள் சொன்ன மயில்நீலத்தில் பச்சை கலந்திருப்பதால் அது அந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும், அவ்வளவுதான். மகளின் கண் நல்ல கண்.

ஷேட் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் விருந்தினர் யாரும் அறையில் இருப்பதில்லை. அவர் அறையைப் பார்ப்பது மாலை ஆறு முதல் காலை ஒன்பது வரை. ஹோட்டல் அறையின் நிறத்தை இருட்டிய பிறகு, எரியப்போகிற அதே விளக்கில் தேர்ந்தெடுங்கள். பகலில் அது சுமாராகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வோர் இடத்திலும் விருந்தினர் எவ்வளவு நேரம் அந்த நிறத்தோடு இருக்கப்போகிறார் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன். லிஃப்டில் அரை நிமிடம். காரிடாரில் ஒரு நிமிடம். லாபியில் சாவி வாங்கும் வரை ஐந்து நிமிடம், யாருக்காவது காத்திருந்தால் கால் மணி. சாப்பாட்டு அறையில் ஒரு மணி நேரம். அறையில் பத்து மணி நேரம், அதிலும் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு. நேரம் குறையக் குறைய நிறத்தின் வீரியத்தை ஏற்றலாம். நேரம் கூடக் கூட இறக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு நிறத்தைப் பரப்பினால் லாபியில் போதாமலும் அறையில் மிஞ்சியும் போய்விடும். ஹோட்டல் முழுக்க ஒரே மாதிரி அடிப்போம் என்ற யோசனைக்கு நான் ஒப்பாததற்கு இதுதான் காரணம்.

சலித்துவிடாதா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சலிக்கும். வீட்டுக்காரர் அந்தச் சுவரைப் பல வருடம் பார்க்க வேண்டும். உங்கள் விருந்தினர் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். வீட்டில் செய்யத் தயங்குகிற நிறத்தை ஹோட்டலில் செய்ய முடிவதே அதனால்தான். சலிப்பு வருவது உங்களுக்கும் ஊழியர்களுக்கும்தான். ஆகவே ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவரின் கண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். எடுப்பான நிறம் மேசைக்குப் பின்சுவரில் இருந்தால், உள்ளே வருகிறவர் அதைப் பார்ப்பார். ஊழியர் அதற்கு முதுகைக் காட்டி நிற்பார். இருவருக்கும் நல்லது.

துணிச்சல் என்றால் எந்த அளவுக்கு என்று நீங்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன்பிரையர் என்ற பழைய ஹோட்டல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அது ராணுவ மருத்துவமனையாகிவிட்டது. போர் முடிந்து 1946இல் ஹோட்டலாகத் திரும்பியபோது டோரதி டிரேப்பர் என்ற வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, பெரிய பெரிய பூக்கள் போட்ட துணி, அடர்ந்த பச்சை, இளஞ்சிவப்பு என்று அவர் இறங்கி அடித்தார். 1948இல் திறந்தார்கள். இன்றும் அந்த ஹோட்டலின் அடையாளம் அதுதான். அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில், பெரிய வாழையிலைகள் போட்ட பச்சைச் சுவர்த்தாளைக் காரிடார்களில் ஒட்டினார்கள். கவனியுங்கள்: யாரும் உட்காராத, கடந்து போகிற இடம். மெக்ஸிகோ நகரில் ரிகார்டோ லெகொரெட்டா வடிவமைத்து 1968இல் திறந்த கமினோ ரியல் ஹோட்டலில், வாகனம் வந்து நிற்கும் முன்வாசலிலேயே பளீர் இளஞ்சிவப்பில் பெரிய ஜாலித் தடுப்பு. நிறத்தின் வீரியம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் 32 அறை ஹோட்டலில் அவ்வளவு பெரிய வாசல் இருக்காது. ஆனால் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் முதல் சுவர் ஒன்று கட்டாயம் இருக்கும்.

ஒரு சுவருக்கு மட்டும் நிறம் அடிக்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாதிரி அறை தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று பக்கமும் வெளிர் கிரீம், நாலாவது பக்கம் அடர் சிவப்பு என்றால், மூலையில் இரண்டும் மோதும் அந்தக் கோட்டில்தான் கண் போய் நிற்கும். சுவர் அறையோடு சேராமல், யாரோ கொண்டுவந்து சாத்திய விளம்பரப் பலகை போலத் தனியாக நிற்கும். பயந்து பயந்து செய்த துணிச்சல் என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். நான்கு சுவருக்கும் அதே நிறம், கதவுக்கும் நிலைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடிப்பட்டைக்கும்) அதே நிறம் என்று செய்தால், கேட்பதற்கு அதிகமாக இருந்தாலும் பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். மோதுகிற கோடுகளே இல்லாமல் போய்விடுகின்றன அல்லவா? லாபியை ஒட்டி ஒரு சின்னக் காத்திருப்பு அறையோ படிக்கட்டுச் சதுரமோ இருந்தால், அங்கே சீலிங் உட்பட எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் செய்யத் தயங்காதீர்கள்.

ஆனால் ஒன்று. நான்கு சுவரும் ஒரே நிறம் என்றால் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பும்போது நிறம் மேலும் அடர்ந்துகொண்டே போகும். ஷேட் கார்டில் தீப்பெட்டி அளவில் பார்த்தது, அறையில் அதைவிட இரண்டு பிடி கூடுதலாகத் தெரியும். எடுப்பான நிறங்களில் இது இன்னும் அதிகம். ஆகவே முழு அறைக்கு அடிப்பதாக இருந்தால், கார்டில் மனதுக்குப் பிடித்ததை எடுக்காமல், அதே வரிசையில் சற்றுச் சாம்பல் கலந்த பக்கத்து ஷேடை எடுங்கள். சுவரில் அப்பிப் பார்க்கவும் வேண்டாம். மூன்றடிக்கு நாலடி அட்டையோ பலகையோ இரண்டு எடுத்து, இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு அறையின் மூலையில் ஒன்றை ஒன்று பார்க்கும்படி சாத்தி வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள், ஜன்னல் இருக்கும் சுவரில் ஒரு நாள், ராத்திரி ஒரு தடவை. பழைய கிரீம் சுவர் பின்னால் தெரியாதபடி பெரிய வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

கிரீமை ஏன் மறைக்கச் சொல்கிறேன் என்றால், நிறம் தனியாக இருக்கும்போது ஒன்றாகவும் பக்கத்தில் வேறு நிறம் வந்ததும் வேறாகவும் தெரியும். பிரான்ஸின் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த மிஷெல் ஷெவ்ரெலிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் போனது. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை எதுவும் இல்லை. அந்த நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்க வைத்தன. அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று 1839இல் விரிவாக எழுதினார். உங்கள் ஹோட்டலில் இது எப்படி நடக்கும் தெரியுமா? மயில்நீலத்தை அந்தக் கிரீமுக்குப் பக்கத்தில் வைத்த மறுகணமே கிரீம் மஞ்சள் தட்டி, பழைய சுவர்போல ஆகிவிடும். ‘கிரீம் அழுக்காகிவிட்டது’ என்று நீங்களே சொல்வீர்கள். நீலம் வருகிற இடத்தில் கிரீமை விட்டுவிட்டு, துளி சாம்பல் கலந்த வெள்ளைக்குப் போய்விடுங்கள். மரச்சாமான்களை மாற்ற வேண்டாம். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சுதான். நீலத்துக்கு நேர் எதிர் நிறம் ஆரஞ்சு. நீங்கள் சலித்துப்போன அதே பழுப்பு அலமாரி மயில்நீலத்துக்கு முன்னால் நின்றால் மரத்தின் சூடு எழும்பித் தெரியும். கோபன்ஹேகனில் ஆர்னே யாகப்சன் வடிவமைத்து 1960இல் திறந்த ஹோட்டலில் 606ஆம் அறையை மட்டும் அன்றிருந்தபடியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அடர்ந்த பழுப்பு மரப்பலகைச் சுவர், நீலப்பச்சைத் துணி போட்ட நாற்காலிகள். உங்கள் மகள் மனதில் இருக்கும் சேர்க்கை கிட்டத்தட்ட அதுதான். படத்தைத் தம்பியிடம் காட்டுங்கள்.

படுக்கை அறைக்கு வருவோம். உங்களுக்கு 32 அறை இருப்பதால் பணமும் இங்கேதான் போகும். கட்டிலில் சாய்ந்து ஒரு முறை படுத்துப் பாருங்கள். கண்ணுக்கு நேரே இருப்பது எதிர்ச்சுவரும் சீலிங்கும். தலைமாட்டுச் சுவர் தெரியவே தெரியாது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே வருகிறவருக்கு முதலில் தெரிவது தலைமாட்டுச் சுவர்தான். முன்பதிவுப் படத்தில் விழுவதும் அதுதான். ஆகவே எடுப்பான நிறத்துக்குப் படுக்கையறையில் சரியான இடம் தலைமாடு. நுழையும்போது பார்ப்பார், படுத்தபின் அது பின்னால் போய்விடும். ஒற்றைச் சுவர் வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். இங்கே அந்தச் சுவரைத் தனியாக விடக் கூடாது. ஹெட்போர்டு அதே குடும்ப நிறத்தில், பக்க விளக்கின் கூடு அதே நிறத்தில், தலைமாட்டை ஒட்டிய திரைச்சீலை அதே நிறத்தில் வரட்டும். மற்ற மூன்று சுவர்கள் பளீர் வெள்ளையாக இல்லாமல் அதே நீலத்தின் மிக வெளிறிய சாயலில் இருந்தால் மூலையில் மோதல் இருக்காது. உங்கள் சிவப்புச் சுவர் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டிலுக்கு எதிர்ப்பக்கமாக இருந்தால், என்ன பல்பு மாட்டினாலும் அங்கே சிவப்பு வேண்டாம். தலைமாடாக இருந்தால் பல்பை மாற்றிவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

விரிப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். 1999இல் வெஸ்டின் ஹோட்டல்கள் முழு வெள்ளைப் படுக்கையைக் கொண்டுவந்த பிறகு, ஹோட்டல் படுக்கை என்றால் வெள்ளை என்று உலகம் முழுக்கப் பழகிவிட்டது. வெள்ளையைக் கொதிக்கும் நீரிலும் பிளீச்சிலும் போடலாம். கறை இருந்தால் விருந்தினர் கண்ணில் படுமுன் ஊழியர் கண்ணில் படும். அது மட்டுமல்ல, அடர் நீலத் தலைமாட்டுக்கு முன்னால் வெள்ளைப் படுக்கை இருந்தால்தான் நீலம் தெளிவாகத் தெரியும். கடுகு மஞ்சளுக்கு ஒரு குஷன் போதும், ஒரு நாற்காலி போதும்.

அறைக்குள் நிறம் வேண்டும், ஆனால் சுவரில் வேண்டாம் என்றால் தரை இருக்கிறது. இத்தாலியின் சொரென்டோ நகரில் ஜியோ பொன்டி 1960களின் தொடக்கத்தில் செய்த பார்கோ தேய் பிரின்சிபி ஹோட்டலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நூறு அறைகள். நிறம் என்று பார்த்தால் நீலமும் வெள்ளையும்தான். தரை ஓட்டுக்கு மட்டும் முப்பது வடிவங்கள் வரைந்தார். அவற்றைக் கூட்டியும் மாற்றியும் பதித்து அறைக்கு அறை தரையை வேறுபடுத்தினார். ஒரே நிறத்தோடு நின்றுகொண்டு அத்தனை வேறுபாடு காட்டியிருக்கிறார். நிறைய நிறங்களைச் சேர்ப்பதுதான் துணிச்சல் என்று நினைக்கிற எவரும் அந்தத் தரைகளின் படங்களைப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் இரண்டு நிறம் போதும். மூன்றாவது நிறத்தை யாராவது சொன்னால், முதல் இரண்டில் எதை நீக்கப்போகிறோம் என்று திருப்பிக் கேளுங்கள்.

குளியலறையில் மட்டும் என் கண்டிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு எதிரேயும் இரு பக்கமும் பச்சையோ ஊதாவோ அடர் மஞ்சளோ வேண்டவே வேண்டாம். சுவரில் பட்ட வெளிச்சம் முகத்தில் வந்து விழும். கிளிப்பச்சைச் சுவருக்கு நடுவில் நின்று காலையில் கண்ணாடி பார்க்கிறவர் தனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைப்பார். ‘ஏதோ பிடிக்கவில்லை’ என்று கிளம்பிப் போவாரே தவிர, சுவரின் நிறம்தான் காரணம் என்று அவருக்கே தெரியாது. சருமத்தைக் காட்டிக்கொடுக்காத நிறங்கள் வெதுவெதுப்பான வெள்ளை, மங்கிய இளஞ்சிவப்பு, செங்கல் சாயல். லாபிக் கழிவறை வேறு விஷயம். அங்கே இரண்டு நிமிடம்தான். கண்ணாடிக்கு இரு பக்கமும் நல்ல விளக்கு வைத்துவிட்டு மீதிச் சுவர்களில் உங்கள் மகளின் ஆசையைத் தாராளமாக நிறைவேற்றலாம்.

காரிடாருக்கு மாடிக்கு ஒரு நிறம் கொடுங்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் எந்த மாடி என்று தெரிந்துவிடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி விடாமல் மாடி எண்ணையும் பெரிதாக எழுத வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற இடங்களிலும் இப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பார்வை மங்கியவர்களுக்காக இன்னொன்று: சுவருக்கும் கதவுக்கும், சுவருக்கும் தரைக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு வேண்டும். பெயின்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு ஷேடுக்கும் ‘எல்.ஆர்.வி’ என்று ஓர் எண் தருவார்கள். எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று 0 முதல் 100 வரை. பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதலில் பக்கத்துப் பக்கத்துப் பரப்புகள் இரண்டின் எண்களுக்கும் இடையே 30 புள்ளி வித்தியாசம் கேட்கிறார்கள். அறைக்கதவும் சுவரும் ஒரே நிறம் என்று நான் மேலே சொன்னது காரிடாருக்குப் பொருந்தாது. வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகைக்குப் பின்னால் பச்சைச் சுவர், தீயணைப்புக் கருவிக்குப் பின்னால் சிவப்புச் சுவர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் அவைதான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

இனிப் பெயின்ட் வேலை. சுத்தமான சிவப்பும் மஞ்சளும் அடிச்சுவரை மறைப்பதில் பலவீனமான நிறங்கள். வெள்ளை பிரைமர் மேல் நேரடியாக அடித்தால் நாலு கோட் போனாலும் திட்டுத்திட்டாக வெளுப்பு தெரியும். சிவப்புக்குச் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று கோட்டில் ஏறிவிடும். இதைக் கேட்டதும் பெயின்டர் உங்களை விசித்திரமாகப் பார்த்தால், ஒரு பலகையில் இரண்டு விதமாகவும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அடர் நிறங்களின் இன்னொரு தொல்லை தேய்ந்த தடம். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் விரல் உரசினாலே பளபளப்பாகக் கோடு விழும். பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர் அறைக்குள் திரும்பும் அந்த மூலையைப் போய்ப் பாருங்கள்: தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கறுப்புக் கறுப்பாக உரசல், அதற்கு மேல் இடுப்பளவில் கைப்பை தேய்த்த தடம், விளக்கு ஸ்விட்சைச் சுற்றி விரல் அடையாளம். அந்த உயரம் வரை மரப்பலகையோ, லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய சாட்டின் ஃபினிஷோ வையுங்கள். மேட் அதற்கு மேலே இருக்கட்டும். அடர் நிறச் சுவரில் நடுவில் ஒட்டுப் போட்டால் அது காலத்துக்கும் தெரியும். மறுபடி அடிக்க நேர்ந்தால் மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். அதற்காகவே ஷேட் எண், ஃபினிஷ், அடித்த தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு டின் எடுத்து வையுங்கள். இந்த ஏற்பாடு இருந்தால் கிரீமை விட அடிக்கடி அடிக்க வேண்டி வராது. கிரீமிலும் இதே அழுக்கு படியத்தான் செய்கிறது.

துணி வாங்கும்போது மூன்று எண்களைக் கேளுங்கள். தேய்மானத்துக்கான மார்டின்டேல் எண் 30,000ஐத் தாண்டியிருக்க வேண்டும். வெயிலில் வெளுக்காத தன்மையை 1 முதல் 8 வரை அளப்பார்கள். சோபாவுக்கு 5, வெயில் விழும் ஜன்னல் திரைக்கு 6க்குக் குறைய வேண்டாம். மூன்றாவது, சாயம் ஒட்டுகிறதா என்ற உரசல் சோதனை. அடர் நீலத் துணியில் இதைக் கேட்காமல் வாங்கினால், வெளிர் நிற உடையில் உட்கார்ந்து எழுந்த விருந்தினர் உங்களிடம் சலவைக் கூலி கேட்பார். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து நீங்களே பத்து தடவை தேய்த்துப் பார்க்கலாம்.

தம்பி சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி ஓர் இளஞ்சிவப்பு அடித்தார்கள். கைதிகள் சாந்தமாகிவிட்டார்கள் என்று செய்தி பரவி, பல சிறைகள் அதையே அடித்தன. பின்னால் முறையான ஒப்பீட்டோடு செய்து பார்த்த ஆய்வில் அந்த விளைவு கிடைக்கவில்லை. சிவப்பு கோபம், நீலம் தூக்கம் என்று ஒற்றை வரியில் சொல்லப்படும் பலவும் இந்த ரகம்தான். ஒரு நிறம் எவ்வளவு அடர்ந்தது, எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறது, எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டு ‘நீலம்’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. தூக்கம் வர வேண்டும் என்றால் வெளிச்சம் புகாத திரைச்சீலையும் சத்தம் வராத கதவும் வாங்குங்கள். ஆனால் தம்பியின் பயத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம். மகளின் திட்டப்படி முதலில் நான்கு அறை மட்டும் செய்யுங்கள். அதில் ஒன்றில் தம்பியை இரண்டு இரவு தங்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது வேறு, குளித்து உடுத்தித் தூங்கி எழுந்து சொல்வது வேறு. அதே நான்கு அறைகளை மற்றவற்றோடு கலந்து விருந்தினருக்கும் கொடுத்து, திரும்பி வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று சில மாதம் கவனியுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வரி. புகைப்படக்காரர் நீலத்தை ஏற்றிக் காட்டினால் சம்மதிக்காதீர்கள். படத்தில் பார்த்த நிறம் அறையில் இல்லை என்றால், மற்ற எதிலும் நீங்கள் சொல்வதை விருந்தினர் நம்ப மாட்டார்.

வேலையின் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். எல்லோரும் முதலில் பெயின்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். பெயின்டில் ஆயிரக்கணக்கான ஷேட் உண்டு, துளித் துளியாகக் கூட்டிக் குறைத்துக் கலந்தும் தருவார்கள். கார்பெட்டிலும் திரைத்துணியிலும் நீங்கள் தேடும் மயில்நீலம் மூன்றோ நாலோதான் கிடைக்கும், அதில் இந்த எண்களையெல்லாம் தாண்டுவது ஒன்றோ இரண்டோ. ஆகவே முதலில் கார்பெட், அடுத்து திரையும் சோபாத் துணியும், அதன் பிறகு விளக்கு. இவை கையில் வந்தபின், அந்தத் துணியை அந்த விளக்கின் கீழே விரித்து வைத்துக்கொண்டு, கடைசியாகப் பெயின்ட் ஷேடைத் தேர்ந்தெடுங்கள்.